12,000 டன் கல்லும் எட்டுத் தூண்களும்: டிரெஸ்டன் அன்னை ஆலயம்

டிரெஸ்டன் நகரத்து அன்னை ஆலயத்தின் படத்தை முதன்முதலாகப் பார்க்கும் எவருக்கும் ஒரு சந்தேகம் எழும். இவ்வளவு அழகான கட்டடத்தின் சுவரில் ஏன் இத்தனை கறுப்புத் திட்டுகள்? வெளிர் மஞ்சள் மணற்கல் சுவர்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கரிய கற்கள் பதிந்திருக்கின்றன. சில இடங்களில் சுவரின் பெரும்பகுதியே கறுப்பு. புகை படிந்ததா, சுத்தம் செய்யும் வேலையைப் பாதியில் விட்டுவிட்டார்களா என்று தோன்றும். இரண்டும் இல்லை. கறுப்புக் கற்கள் பதினெட்டாம் நூற்றாண்டில் செதுக்கப்பட்டவை. காலம் அவற்றைக் கருக்க வைத்தது. வெளிர் கற்கள் 1994க்குப் பிறகு செதுக்கப்பட்டவை. இரண்டுக்கும் இடைப்பட்ட அரை நூற்றாண்டில் அங்கே ஆலயம் இருக்கவில்லை. இரண்டு மொட்டைச் சுவர்களும், அவற்றுக்கு நடுவே ஒரு கல் மேடும்தான் இருந்தன.

கிழக்கு ஜெர்மனியில், எல்ப நதிக்கரையில், சாக்சனி மாநிலத்தின் தலைநகரம் டிரெஸ்டன். அதன் பழைய சந்தைவெளிகளில் ஒன்றான நொய்மார்க்ட் சதுக்கத்தில் இந்த ஆலயம் நிற்கிறது. ஜெர்மன் மொழியில் ஃப்ராவன்கிர்ஷே. 'அன்னையின் ஆலயம்' என்று பொருள். அன்னை என்பது இயேசுவின் தாய் மரியாள். லூத்தரன் சபையாரின் ஆலயத்துக்கு மரியாளின் பெயர் எப்படி வந்தது என்று கேட்கலாம். பதினாறாம் நூற்றாண்டில் மார்ட்டின் லூத்தர் தொடங்கிய, கத்தோலிக்கத் திருச்சபையிலிருந்து பிரிந்த சீர்திருத்தத்துக்கு முந்தியது இந்தப் பெயர். பதினோராம் நூற்றாண்டிலிருந்தே இந்த இடத்தில் மரியாள் பெயரால் ஓர் ஆலயம் இருந்தது. 1539இல் டிரெஸ்டன் லூத்தரின் வழிக்கு வந்தது. சபை மாறியது, வழிபாடு மாறியது; மக்களின் நாவில் பழகிப்போன பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தப் பழைய ஆலயம் பாழடைந்து, எப்போது விழுமோ என்ற நிலையில் இருந்தது. பெருகிவிட்ட சபைக்கு இடமும் போதவில்லை. புதியதைக் கட்ட நகர மன்றம் முடிவெடுத்தது. அந்த முடிவுக்குப் பின்னால் இன்னொரு சங்கடமும் இருந்தது.

சாக்சனி என்றால் லூத்தரின் மண். அவர் போதித்த விட்டன்பர்க் நகரம் சாக்சனி ஆட்சியாளர்களின் பாதுகாப்பில்தான் இருந்தது. அப்படிப்பட்ட நாட்டின் ஆட்சியாளர் முதலாம் ஃபிரிட்ரிக் ஆகுஸ்ட், 'வலிமைமிக்க ஆகுஸ்ட்' என்று வரலாறு அழைப்பவர், 1697இல் கத்தோலிக்க மதத்துக்கு மாறினார். காரணம் போலந்தின் அரியணை. போலந்துக்கு அரசராக வேண்டுமானால் கத்தோலிக்கராக இருந்தாக வேண்டும். குடிமக்கள் அதிர்ந்துபோனார்கள். நாட்டின் சமயத்தில் கைவைக்க மாட்டேன் என்று அரசர் எழுத்தில் உறுதி கொடுக்க வேண்டியிருந்தது. அவருடைய மனைவி கிறிஸ்தியானே எபர்ஹார்டினே கடைசிவரை மதம் மாறவில்லை. கணவர் ஆண்ட போலந்து மண்ணில் காலே வைக்கவில்லை.

எனவே அரண்மனையிலிருந்து சில நிமிட நடையில், நகர மக்கள் தங்கள் சபைக்காக ஒரு பிரம்மாண்டமான ஆலயத்தைக் கட்டத் தொடங்கியதை அரசருக்கு விடுத்த சவால் என்று சிலர் எழுதுவதுண்டு. அப்படி ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது என்பது என் கருத்து. ஆகுஸ்ட் அந்தக் கட்டடத்தை விரும்பினார். எல்ப நதிக்கரையில் ஓர் இத்தாலிய நகரத்தின் அழகைக் கொண்டுவர ஆசைப்பட்டவர் அவர். நகரத்தின் நடுவே பெரிய குவிமாடம் எழுவது அவருக்கும் உவப்பான காட்சிதான். அவருடைய கட்டடத் துறைத் தலைவர் வாக்கர்பார்த் பிரபு வரைபடங்களைத் திருப்பி அனுப்பித் திருத்தச் சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தத் திருத்தங்களால் கட்டடம் மெருகேறியது. சவால் என்பதைவிடத் தன்மானம் என்பது பொருத்தமான சொல். அரசர் எந்த மதத்துக்கு வேண்டுமானாலும் போகட்டும், நகரத்தின் நடுவிடம் எங்களுடையது என்று குடிமக்கள் கல்லில் எழுதினார்கள்.

அந்தக் கல்லை எழுப்பியவர் ஒரு மரத்தச்சர். கேயோர்க் பேர், 1666இல் எர்ஸ்கெபிர்கே மலைப்பகுதியின் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர். கல்லூரியில் கட்டடக்கலை படித்தவர் அல்ல. 1705இல் டிரெஸ்டன் நகர மன்றத்தின் தலைமைத் தச்சராக நியமிக்கப்பட்டவர். 1722 முதல் புதிய ஆலயத்துக்கான வரைபடங்களைத் தீட்டினார். 1726 ஆகஸ்ட் 26 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது.

பேர் வகுத்த அமைப்பைப் புரிந்துகொள்ள லூத்தரன் ஆராதனையைப் புரிந்துகொள்ள வேண்டும். இடைக்காலத்துப் பேராலயங்கள் நீளமானவை. வாசலிலிருந்து பீடம்வரை தூண்களின் வரிசை நீண்டு செல்லும். வழிபாட்டின் உச்சம் தொலைவில், பீடத்தருகே நடக்கும். சபை தூரத்திலிருந்து அதைப் பார்க்கும். லூத்தரன் சபையிலோ பிரசங்கமும் பாட்டும்தான் ஆராதனையின் உயிர். போதகர் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் கடைசி இருக்கையில் இருப்பவர் காதிலும் விழ வேண்டும். நீண்ட கூடத்தில் அது நடக்காது. ஆகவே பேர் நீளத்தை விட்டுவிட்டு உயரத்தைப் பிடித்தார். வெளியிலிருந்து பார்த்தால் ஏறக்குறையச் சதுரமான கட்டடம். நான்கு மூலைகளிலும் படிக்கட்டுக் கோபுரங்கள். உள்ளே நுழைந்தால் வட்டம். அந்த வட்டத்தைச் சுற்றி எட்டுத் தூண்கள். தூண்களுக்கு இடையே ஒன்றன்மேல் ஒன்றாக மாடங்கள், எல்லாம் நடுவை நோக்கி வளைந்தவை. ஆயிரக்கணக்கானோர் அமரலாம்; யாரும் பிரசங்க மேடையிலிருந்து வெகு தூரத்தில் இல்லை.

கிழக்குப் பக்கத்தில், இருபுறமும் வளைந்தேறும் படிகளுக்கு மேலே பீடம். அதற்கு மேலே ஆர்கன் என்ற பெரிய குழாய் இசைக்கருவி. இயேசு ஒலிவ மலையில் மன்றாடும் காட்சி பீடத்தின் நடுவே புடைப்புச் சிற்பமாக இருக்கிறது. செதுக்கியவர் யோஹான் கிறிஸ்தியான் ஃபைகே. வசனம், திருவிருந்து, இசை மூன்றும் ஒரே அச்சில், சபையின் கண்ணெதிரே. ஓபரா அரங்கம்போல் இருக்கிறது என்று சிலர் குறை சொல்வதுண்டு. அந்த ஒப்புமையில் குறை ஒன்றும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஒலியை நடுவில் வைத்துக் கட்டும் எந்தக் கட்டடமும் அரங்கத்தின் சாயலைப் பெறத்தான் செய்யும்.

இந்த இடத்தில் தமிழ்நாட்டை நினைக்காமல் கடந்து போக முடியவில்லை. டிரெஸ்டனுக்கு வடகிழக்கே அருகிலேயே புல்ஸ்நிட்ஸ் என்ற சிற்றூர் இருக்கிறது. தரங்கம்பாடிக்கு வந்து தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்த்து அச்சிட்ட சீகன்பால்க் பிறந்த ஊர் அது. டிரெஸ்டனில் அடிக்கல் நாட்டப்படுவதற்கு எட்டு ஆண்டுகள் முன்பு, 1718 அக்டோபரில், தரங்கம்பாடியில் அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டது. அளவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆனால் சபைக்கு அதன் சொந்த மொழியில் வசனம் கேட்க வேண்டும் என்ற அக்கறை இரண்டுக்கும் பொது. ஒரே சாக்சனி மண்ணின் லூத்தரன் பக்தி ஒரே தலைமுறையில் எல்பக் கரையிலும் சோழமண்டலக் கரையிலும் கட்டடமாக எழுந்தது.

குவிமாடத்துக்கு வருவோம். இந்த ஆலயத்தின் புகழும் விதியும் அதற்குள்தான் இருக்கின்றன.

முதல் திட்டத்தில் குவிமாடம் மரத்தால் ஆனது. மேலே செப்புத் தகடு போர்த்துவதாக இருந்தது. அக்கால ஐரோப்பாவில் அதுவே வழக்கம். செம்பின் விலை அதிகம். மரம் தீப்பிடிக்கும், செம்பைப் பராமரிக்க வேண்டும், கல்லுக்கு அந்தக் கவலை இல்லை என்று பேர் வாதாடினார். அடி முதல் முடி வரை முழுக் கட்டடமும் ஒரே கல்லில் குடைந்ததுபோல் இருக்க வேண்டும் என்பது அவர் கனவு. தொழிலால் மரத்தச்சரான ஒருவர் மரத்தை விலக்கிக் கல்லைக் கேட்டார் என்பது என்னை ஒவ்வொரு முறையும் நிறுத்தி யோசிக்க வைக்கிறது. மரத்தை நன்கறிந்தவருக்குத்தான் அதன் பலவீனமும் தெரிந்திருக்கும். கடைசியில் அவர் வாதமே வென்றது. எழுந்த குவிமாடத்தின் எடை சுமார் 12,000 டன். கீழ்ப்பகுதி மெல்ல வெளிப்புறமாக விரிந்து, கவிழ்த்து வைத்த மணிபோலத் தோன்றுவதால் 'கல் மணி' என்றே நகரத்தார் அதை அழைத்தார்கள். சிலுவையோடு சேர்த்து ஆலயத்தின் உயரம் 91 மீட்டருக்குச் சற்று மேல். ஆல்ப்ஸ் மலைகளுக்கு வடக்கே உள்ள மிகப் பெரிய கல் குவிமாடங்களில் இதுவும் ஒன்று.

இத்தனை எடையை எட்டுத் தூண்கள் எப்படித் தாங்கும்? தூண்கள் மட்டுமே தாங்கப் போவதில்லை என்பதுதான் பேரின் பதில். ஒவ்வொரு தூணுக்குப் பின்னாலிருந்தும் கனத்த சுவர்கள் வெளிச்சுவரையும் மூலைக் கோபுரங்களையும் நோக்கிச் செல்கின்றன. குவிமாடத்தின் பாரம் தூண்களில் செங்குத்தாக மட்டும் இறங்காமல், இந்தச் சுவர்கள் வழியாகச் சரிந்து, பிரமிடின் சரிவுபோல் அகன்று பரவி அடித்தளத்தை அடையும் என்று அவர் கணக்கிட்டார். நல்ல சிந்தனை. ஆனால் குவிமாடத்துக்கு ஒரு குணம் உண்டு. அதன் அடிப்பகுதி எப்போதும் வெளிப்பக்கமாகப் பிதுங்கப் பார்க்கும். வண்டிச் சக்கரத்தின் மரத்துண்டுகளை இரும்புப் பட்டை இறுக்கிப் பிடிப்பதுபோல, குவிமாடத்தையும் ஒரு வளையம் சுற்றிப் பிடித்தாக வேண்டும். பேர் இரும்பு வளையங்களைப் பதித்தார். பதினெட்டாம் நூற்றாண்டின் கொல்லுலையில் அடித்த இரும்புக்கு அந்த வலிமை போதவில்லை. வளையம் நெகிழ்ந்த அளவுக்குப் பாரம் வெளிச்சுவருக்குப் போகாமல் தூண்களின் மேலேயே குவிந்தது. கட்டிக்கொண்டிருக்கும்போதே விரிசல்கள் தெரிந்தன.

சண்டை மூண்டது. கத்தோலிக்க அரசவை ஆலயத்தைக் கட்ட இத்தாலியிலிருந்து வந்த கட்டடக்கலைஞர் கயெத்தானோ கியாவேரி, குவிமாடத்தை இறக்கிவிடவேண்டும் என்று கருத்துச் சொன்னார். கட்டடத்தை முற்றிலும் முடிப்பதற்குள்ளேயே, 1738 மார்ச் 16 அன்று பேர் இறந்துபோனார். மனம் உடைந்து சாரத்திலிருந்து குதித்துவிட்டார் என்று ஒரு கதை ஊரில் நெடுநாள் உலவியது. அதில் உண்மை இல்லை, நோயால்தான் இறந்தார். உச்சி மாடமும் சிலுவையும் அவர் இல்லாமலே ஏறின. 1743 மே 27 அன்று வேலை நிறைவுற்றது. விரிசல்கள் அப்படியே இருந்தன. குவிமாடமும் அப்படியே நின்றது.

பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். மொத்தச் செலவு அக்கால ஜெர்மன் வெள்ளி நாணயமான தாலரில் சுமார் 2,88,000. பெரும்பகுதி குடிமக்களின் பணம். ஆலயத்தில் குடும்பத்துக்கென இருக்கைகளை விலைக்கு விற்றார்கள். வசதியுள்ளவர்கள் கண்ணாடிச் சன்னல் வைத்த தனி ஜெப அறைகளை வாங்கினார்கள். நிலவறையில் கல்லறை இடங்களும் விலைபோயின. இவை எல்லாம் அக்கால வழக்கம். நெருடுவது இன்னொரு வரவு. 1731-32இல் சால்ஸ்பர்க் பேராயர் தம் ஆட்சிக்குட்பட்ட சீர்திருத்தச் சபையினரை ஆயிரக்கணக்கில் நாடு கடத்தினார். வீடு வாசல் இழந்த அந்த அகதிகளுக்காகச் சாக்சனி மக்கள் திரட்டிய நிதியில் சுமார் 28,000 தாலர் ஆலயக் கட்டுமானத்துக்குத் திருப்பி விடப்பட்டது. எத்தனை அழகான குவிமாடமாக இருந்தாலும் இந்தக் கணக்கு அதன் அடியில் இருக்கிறது. இருப்பதைச் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

குவிமாடம் முடிவதற்கு முன்பே, 1734 பிப்ரவரியில், ஆலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டு ஆராதனை தொடங்கிவிட்டது. 1736இல் காட்ஃபிரீட் சில்பர்மான் செய்த ஆர்கன் நிறுவப்பட்டது. அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று இசையமைப்பாளர் யோஹான் செபாஸ்தியான் பாக் அதை வாசித்தார். உள்குவிமாடத்தில் நான்கு சுவிசேஷகர்களையும், விசுவாசம், நம்பிக்கை, அன்பு, இரக்கம் என்ற நான்கு நற்பண்புகளையும் நாடக அரங்க ஓவியராக இருந்த இத்தாலியர் குரோனே தீட்டினார்.

குவிமாடத்தின் முதல் பெரிய சோதனை 1760இல் வந்தது. ஏழாண்டுப் போரில் பிரஷ்யப் படை டிரெஸ்டனைப் பீரங்கிகளால் தாக்கியது. நகரத்தின் இன்னொரு பெரிய ஆலயமான சிலுவை ஆலயம் எரிந்து நாசமானது. அன்னை ஆலயத்தின் கல் மணியில் பட்ட குண்டுகள் துள்ளித் தெறித்து விழுந்தன. மரமும் செம்புமாகக் கட்டியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். பேர் சொன்னது சரிதான் என்று நகரம் ஒப்புக்கொண்டது.

விரிசல்கள் மட்டும் ஓயவில்லை. இருபதாம் நூற்றாண்டில் நிலைமை கவலைக்கிடமானது. பொறியாளர் கேயோர்க் ரூத் தலைமையில் 1938 முதல் 1942 வரை நடந்த பழுதுபார்ப்பில் தூண்களும் அடித்தளமும் வலுப்படுத்தப்பட்டன. குவிமாடத்தைச் சுற்றிப் புதிய வளையங்கள் பூட்டப்பட்டன. ஆலயம் அதற்குமுன் இல்லாத அளவு திடமாக நின்றது. மூன்று ஆண்டுகளுக்கு.

நாஜி ஆட்சிக் காலத்தில் ஆலயத்துக்குள் நடந்ததையும் மறைக்கக்கூடாது. நாஜி அரசுக்கு ஆதரவான 'ஜெர்மன் கிறிஸ்தவர்கள்' என்ற பிரிவு சாக்சனி சபையின் தலைமையைக் கைப்பற்றி, அன்னை ஆலயத்தைத் தன் பேராலயம் என்று அறிவித்துக்கொண்டது. அதே ஆலயத்தின் போதகர் ஹூகோ ஹான் அதை எதிர்த்த 'அறிக்கைச் சபை'யின் சாக்சனித் தலைவராக இருந்தார். 1938இல் மாநிலத்தைவிட்டே வெளியேற்றப்பட்டார். ஒரே கூரையின் கீழ் இரண்டும் இருந்தன. அதே 1938 நவம்பர் 9 இரவு, நடந்துபோகும் தூரத்தில் இருந்த, கட்டடக்கலைஞர் செம்பர் வடிவமைத்த யூதத் தொழுகைக்கூடம் கொளுத்தப்பட்டது. டிரெஸ்டனில் தீ முதலில் எரிந்தது 1945இல் அல்ல.

1945 பிப்ரவரி 13 இரவில் பிரிட்டிஷ் விமானங்களும் மறுநாள் பகலில் அமெரிக்க விமானங்களும் நகரத்தின் மேல் குண்டுகளைக் கொட்டின. பழைய நகரம் முழுவதும் ஒரே நெருப்பாகியது. இறந்தவர்கள் அதிகபட்சம் 25,000 பேர் என்று வரலாற்றாய்வாளர் குழு ஒன்று பல ஆண்டு ஆய்வுக்குப் பின் 2010இல் அறிவித்தது. நாஜிப் பிரச்சாரம் அந்த எண்ணிக்கையைப் பல மடங்கு பெருக்கிச் சொன்னது. அந்தப் பொய் எண்கள் இன்றும் சுற்றுகின்றன. உண்மையான எண்ணே தாங்க முடியாத துயரம். அதற்கு மிகை தேவையில்லை.

ஆலயத்தின் நிலவறையில் ஒதுங்கியிருந்த சுமார் 300 பேர் வெளியேறித் தப்பினார்கள். விடிந்தபோது, புகைக்கு நடுவே குவிமாடம் நின்றுகொண்டிருந்தது. 1760ஐப் போலவே இம்முறையும் கல் வென்றுவிட்டது என்று பார்த்தவர்கள் நம்பினார்கள். ஆனால் இது வேறு வகைத் தாக்குதல். சன்னல்கள் வெடித்துச் சிதறியதும் நெருப்பு உள்ளே புகுந்தது. மர இருக்கைகளும் மாடங்களும் பற்றி எரிந்தன. மணற்கல்லின் பெரும்பகுதி குவார்ட்ஸ் மணிகள். சுமார் 573 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் குவார்ட்ஸின் படிக அமைப்பு திடீரென மாறும், மணிகள் உப்பும், கல் உள்ளேயே நொறுங்கத் தொடங்கும். வெளியே ஒரு கீறலும் இல்லாத குவிமாடத்தை உள்ளே தாங்கி நின்ற தூண்கள் வெந்து வலுவிழந்தன. பிப்ரவரி 15 காலை சுமார் 10 மணிக்குத் தென்கிழக்குத் தூண் உடைந்துவிட்டது. அதன் பாரத்தை மற்றவை ஏற்க முடியவில்லை. 12,000 டன் கல் மணி சற்றே சாய்ந்து, அப்படியே உள்ளிறங்கி, வெளிச்சுவர்களைப் பிளந்துகொண்டு தரையில் விழுந்தது. பீடம் இருந்த கிழக்குப் பகுதியின் சுவரும் வடமேற்குப் படிக்கட்டுக் கோபுரத்தின் அடியும் மட்டும் எஞ்சின. உள்ளே விழுந்த ஆர்கனின் மரப்பகுதிகளும் சாந்தும் பீடத்தின் மேல் கவிந்து, அதன் சிற்பங்களைக் காத்தன.

போருக்குப் பிந்தைய கிழக்கு ஜெர்மன் அரசு டிரெஸ்டனின் இடிபாடுகளில் பெரும்பாலானவற்றை அகற்றியது. அன்னை ஆலயத்தின் கற்குவியல் தப்பியதற்கு முக்கியக் காரணம் ஹான்ஸ் நாட்லர் என்ற தொல்சின்னப் பாதுகாப்பு அதிகாரி. ஒரு நாள் கட்டலாம், கல்லைத் தொடாதீர்கள் என்று விடாமல் போராடினார். 1966இல் அரசே அதைப் போரின் அழிவுக்கான நினைவுச் சின்னமாக அறிவித்தது. புல்லும் செடியும் முளைத்த அந்த மேட்டின் முன்னே, 1955இல் மீண்டும் நிறுத்தப்பட்ட லூத்தரின் வெண்கலச் சிலை மட்டும் நின்றது.

1982 பிப்ரவரி 13 அன்று இளைஞர்கள் மெழுகுவர்த்திகளோடு அந்த இடிபாட்டுக்கு வந்தார்கள். 'வாள்களைக் கலப்பைக் கொழுக்களாக' என்ற ஏசாயாவின் வசனம் அப்போது அரசு அனுமதிக்காத அமைதி இயக்கத்தின் முழக்கமாக இருந்தது. அரசு நிறுவிய நினைவுச் சின்னம் அரசைக் கேள்வி கேட்கும் இடமானது. ஏழு ஆண்டுகளில் பெர்லின் சுவர் விழுந்தது. 1990 பிப்ரவரியில், எக்காளக் கலைஞர் லுட்விக் கூட்லரை முன்னிறுத்திய சிறு குழு 'டிரெஸ்டனிலிருந்து ஓர் அழைப்பு' என்ற வேண்டுகோளை உலகுக்கு விடுத்தது: ஆலயத்தை மறுபடி எழுப்ப உதவுங்கள்.

எல்லோரும் வரவேற்கவில்லை. சபைக்குள்ளேயே கடும் எதிர்ப்பு. இடிபாடுதான் உண்மையான பிரசங்கம், அதை அழகான கட்டடத்தால் மூடினால் மறதிதான் மிஞ்சும் என்றார்கள். உள்ளூர்ச் சபைகளின் கூரைகள் ஒழுகும்போது இது தேவையா என்றும் கேட்டார்கள். இரண்டும் கனமான கேள்விகள். 1991இல் சாக்சனி சபையின் பேரவை ஒருவழியாக ஒப்புதல் அளித்தது. எதிர்த்தவர்களின் கவலையை நான் மதிக்கிறேன். ஆனால் கட்டிய விதம் அதற்குப் பெரும்பாலும் பதில் சொல்லிவிட்டது என்றே நினைக்கிறேன்.

1993 ஜனவரியில் கற்குவியலைப் பிரிக்கும் வேலை தொடங்கியது. அகற்றும் வேலை அல்ல அது, அகழாய்வு. சுமார் 22,000 கன மீட்டர் இடிபாட்டை அடுக்கடுக்காக எடுத்தார்கள். ஒவ்வொரு முக்கியக் கல்லும் விழுந்து கிடந்த இடத்திலேயே படமெடுக்கப்பட்டு, அளக்கப்பட்டு, எண் இடப்பட்டது. கல் விழுந்த இடம்தான் அதன் முகவரி. எந்தப் பக்கம் எந்த ஆழத்தில் கிடந்தது என்பதைக் கொண்டு, குவிமாடம் விழுந்த விதத்தைக் கணினியில் பின்னோக்கி ஓட்டி, கல் முதலில் இருந்த இடத்தைக் கணித்தார்கள். முகப்புக் கற்கள் மட்டும் 8,000க்கும் மேல் மீட்கப்பட்டு, சதுக்கத்தில் இரும்பு அடுக்குகளில் வரிசையாக வைக்கப்பட்டன. 1993 ஜூன் 1 அன்று குவிமாடத்தின் பழைய சிலுவை வளைந்து நெளிந்த நிலையில் கிடைத்தது. பீடத்தை மட்டும் ஏறக்குறைய 2,000 துண்டுகளிலிருந்து ஒட்டவைத்தார்கள். வெட்டுக்காயங்களை மறைக்கவில்லை.

1994 மே 27 அன்று கல் கட்டுமானம் தொடங்கியது. தளத்தின் மேல் ஒரு பெரிய கூரையை அமைத்து, சுவர் உயர உயர அந்தக் கூரையையும் நீரியல் தூக்கிகளால் உயர்த்திக்கொண்டே போனார்கள். மழையிலும் பனியிலும் கல்தச்சர்களின் வேலை நிற்கவில்லை. பயன்படுத்தத்தக்க ஒவ்வொரு பழைய கல்லும் தன் பழைய இடத்துக்கே போயிற்று. புதிய கற்களுக்கு வர்ணம் பூசிப் பழையதாகக் காட்டவில்லை; பழைய கற்களைச் சுரண்டி வெளுப்பாக்கவும் இல்லை. நின்ற சுவர்களையும் சேர்த்தால் இன்றைய ஆலயத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவானது பழைய கட்டுமானம். சுவரைப் பார்க்கிற எவரும் எது விழுந்தது, எது நின்றது, எது புதிது என்று ஒரே பார்வையில் படித்துவிடலாம்.

செலவு சுமார் 18 கோடி யூரோ. அதில் 10 கோடிக்கும் மேல் நன்கொடை. இடிபாட்டின் கல்துணுக்கு பதித்த கைக்கடிகாரங்களை விற்றுக்கூடப் பணம் திரட்டினார்கள். குந்தர் புளோபல் என்ற விஞ்ஞானி, சிறுவனாக அகதிக் குடும்பத்தோடு டிரெஸ்டன் வழியே கடந்தபோது அந்தக் குவிமாடத்தைப் பார்த்தவர். சில நாட்களில் நகரம் எரிந்தது. 1999இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தபோது, அந்தப் பரிசுப் பணத்தை அன்னை ஆலயத்துக்கும் டிரெஸ்டனின் புதிய யூதத் தொழுகைக்கூடத்துக்கும் கொடுத்தார். அவர் இரண்டையும் சேர்த்தே நினைத்தது முக்கியம். குவிமாடத்தின் புதிய சிலுவை பிரிட்டனில் திரட்டிய நன்கொடையில் உருவானது. அதைச் செய்த லண்டன் பொற்கொல்லர் ஆலன் ஸ்மித்தின் தந்தை, 1945இல் டிரெஸ்டன்மீது பறந்த குண்டுவீச்சு விமானமொன்றின் விமானி. 2004 ஜூன் 22 அன்று அந்தச் சிலுவை மேலேறியது. 2005 அக்டோபர் 30 அன்று ஆலயம் மீண்டும் பிரதிஷ்டை செய்யப்பட்டது.

எல்லாமே பழையபடி அமையவில்லை. சில்பர்மானின் ஆர்கனை அச்சு அசலாக மீட்டெடுக்காமல், ஸ்ட்ராஸ்பர்கின் டேனியல் கெர்னிடம் பிற்கால இசையும் வாசிக்கத்தக்க புதிய ஆர்கனைச் செய்யச் சொன்னது பெரும் விவாதமானது. கல்லில் இத்தனை பிடிவாதம் காட்டியவர்கள் இசையில் ஏன் இளகினார்கள் என்று கேட்டவர்களின் பக்கம்தான் என் மனமும் சாய்கிறது. மணிகளில் ஒன்று 1518இல் வார்த்தது. மற்ற ஏழும் புதியவை. அவற்றில் மிகப் பெரிய அமைதி மணிக்கு ஏசாயா என்று பெயர். வாளும் கலப்பையும் பற்றிய அதே வசனம் அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது. வளைந்த பழைய சிலுவை இப்போது ஆலயத்துக்குள் தரையில் நிற்கிறது. வருகிறவர்கள் அருகே மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள்.

குவிமாடத்தின் உள், வெளி என்ற இரண்டு கல் ஓடுகளுக்கு நடுவே சுழன்று ஏறும் சாய்தளம் இருக்கிறது. அதன் வழியே 67 மீட்டர் உயரத்திலுள்ள மேடைவரை போகலாம். ஏறுகிறவர்களின் கண்ணுக்குத் தெரியாமல், கல்லுக்குள் எஃகு வளையங்கள் முறுக்கேற்றிப் பூட்டப்பட்டிருக்கின்றன. புதிய பொறியாளர்கள் பேரின் வடிவத்தை மாற்றவில்லை. கணினியில் கணக்கிட்டுப் பார்த்தபோது, அவர் நினைத்த பாதை சரியானதே என்றும், அதற்கு இறுக்கமான வளையமும் வலுவான தூண்களும்தான் வேண்டும் என்றும் தெரிந்தது. தூண்களுக்குத் தேர்ந்தெடுத்த உறுதியான மணற்கல்லை வைத்தார்கள். கொல்லுலை இரும்பின் இடத்தில் எஃகைப் பூட்டினார்கள். இப்போது குவிமாடத்தின் பாரம் எட்டுத் தூண்களோடு நின்றுவிடாமல், பின்சுவர்கள் வழியாக வெளிச்சுவருக்குப் போய், தச்சர் பேர் 1733இல் வாதாடியபடியே அகன்று பரவி இறங்குகிறது. அது இறங்கிச் சேரும் நிலவறையில்தான் அவருடைய கல்லறையும் இருக்கிறது.